செவி அடைச்சா எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ முனகிப் பாருங்க

குலசேகரம் பக்கத்துல ரப்பர் பால் வெட்டுற எங்க மாமா ஒருநாள் விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சப்ப வலது செவி சுத்தமா கேக்கல, உள்ள ஒரே இரைச்சல் வேற. மழைல நனைஞ்ச சளியா இருக்கும்னு வெள்ளப்பூடு போட்டு காச்சின எண்ணெய ஊத்திகிட்டு எட்டு நாள ஓட்டிட்டாரு. அப்புறம்தான் போன்ல சொன்னாரு. "மாமா, வாய மூடிகிட்டு ம்ம்ம்னு முனகுங்க, எந்த செவில கூடுதலா கேக்கு?"ன்னேன். "நல்ல செவிலதான் மக்ளே." எனக்கு பக்குன்னு ஆயிட்டு.

அழுக்கோ சளியோ அடைச்சிருந்தா முனகல் அடைச்ச பக்கம்தான் சத்தமா கேக்கும் (இப்பவே ஒரு செவிய விரலால பொத்திகிட்டு முனகிப் பாருங்க). நல்ல பக்கம் ஓடிட்டுன்னா கோளாறு உள்காதுல இல்லன்னா நரம்புல இருக்கலாம். டாக்டர் ட்யூனிங் ஃபோர்க்க (தட்டினா அதிர்ந்து சத்தம் போடுற இரும்புக் கவை) தட்டி நெத்தில வைக்கறதும் இதுக்குத்தான். ஆனா முனகுறது ஒரு துப்பு மட்டும்தான், ஆடியோகிராம், அதாவது செவி எவ்வளவு கேக்குதுன்னு அளக்குற சோதனை, எடுத்தாத்தான் உறுதியா தெரியும். 72 மணி நேரத்துக்குள்ள 30 டெசிபலோ அதுக்கு மேலயோ கேக்குற திறன் கொறைஞ்சிருந்தா திடீர் நரம்புச் செவிடுன்னு வைப்பாங்க, பெரும்பாலும் காரணமே பிடிபடாது.

உள்காதுல சங்கு மாதிரி சுருண்ட குழாய், அதுக்குள்ள சுமார் 15,000 மயிர் செல்லு. செத்தா நமக்கு திரும்ப மொளைக்காது, கோழிக்கு மொளைக்கும், என்ன அநியாயம் பாருங்க. அந்த செல்லு வேல செய்ய ஒரு பேட்டரி வேணும், குழாயோட ஓரச் சுவர்ல இருக்கிற ரத்தநாளப் பட்டை பொட்டாசியத்த இறைச்சு இறைச்சு உள்ள இருக்கிற தண்ணிய 80 மில்லிவோல்ட் கிட்ட வச்சிருக்கு. வீக்கம் வந்து அந்த பட்டை தளர்ந்துட்டா செல்லு உயிரோடதான் இருக்கும், ஆனா பேசாது. பல்பு ஃபியூஸ் ஆகல, கரண்டுதான் போச்சு. இதுக்கு கொடுக்குற மருந்து ஸ்டீராய்டு, அது வீக்கத்த அடக்கும், அந்த பட்டையோட உப்பு இறைப்பையும் தூக்கி விடும்னுதான் நம்புறாங்க. செத்த செல்ல அது எழுப்பாது, அதான் நாள் கணக்கு இவ்வளவு முக்கியம், முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்.

வழக்கமா ப்ரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை, எடை கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளைக்கு 60க்கு மேல போகாது, 10-14 நாள், அப்புறம் படிப்படியா கொறைப்பாங்க. 1980ல வந்த ஒரு ஆய்வுல ஸ்டீராய்டு தின்னவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு தேறிச்சு, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை தின்னவங்கள்ல 32. பின்னால வந்த ஆய்வெல்லாம் ஒரே போல சொல்லல, தானாவே சரியாகுறவங்களும் நிறைய உண்டு, இருந்தாலும் இதவிட நல்ல மருந்து கையில இல்ல. மெடிக்கல்ல போய் நீங்களே வாங்கி முழுங்காதீங்க.

தலைசுத்துக்கும் இதே ஸ்டீராய்டான்னு கேப்பீங்க. பேலன்ஸ் பாக்குற வளையமும் உள்காதுலதான் இருக்கு, அதுக்கு போற நரம்பு வீங்கி நாள்கணக்குல சுத்தினா சில டாக்டர்மாரு கொடுப்பாங்க, மெனியர் நோய்க்கு (தலைசுத்து விட்டு விட்டு வர்ற உள்காது நோய்) செவிக்குள்ள ஊசியாவும் போடுவாங்க. ஆனா படுக்கைல புரண்டா ஒரு நிமிசம் சுத்தி நின்னுடுதே, அது உள்ள ஒரு சின்ன கல்லு இடம் மாறினது, அதுக்கு தலைய முறையா சாய்ச்சு திருப்புறதுதான் வைத்தியம், ஸ்டீராய்டுக்கு அங்க வேலையே இல்ல.

மாமாவுக்கு சுகர் வேற, மாத்திரை தின்னா எகிறிடும். அதனால மெல்லிய ஊசியில செவிப்பறைய தாண்டி நடுக்காதுல டெக்ஸாமெதசோன்ங்கிற ஸ்டீராய்ட விட்டாங்க, அங்கேருந்து ஒரு சின்ன சவ்வு வழியா உள்காதுக்கு ஊறி இறங்கும். போட்டதுக்கப்புறம் அர மணி நேரம் ஒருக்களிச்சு படுத்து பேசாம, எச்சி முழுங்காம இருக்கணும், முழுங்கினா நடுக்காதுலேருந்து தொண்டைக்கு போற குழாய் திறந்து மருந்து அங்க வந்துடும். வெத்தல போடுற ஆளு, பாதில முழுங்கிட்டு கசக்குதுன்னு சத்தம் போட்டாரு. ரெண்டு வாரத்துல மூணு ஊசி. இப்ப பஸ்ஸு வர்ற இரைச்சல், ஆம்பளைங்க பேச்சு எல்லாம் வலது செவில கேக்கு, தோட்டத்துல சில்வண்டு கத்துறது மட்டும் கேக்கல. "அது போனா போகட்டும் மக்ளே"ங்காரு.