மூத்தோருக்கு வீட்டு வரிச் சலுகை: எது தள்ளுபடி, எது கடன்?

வீட்டு வரி பெரும்பாலும் வீட்டின் மதிப்பை வைத்துப் போடப்படுகிறது. வீட்டுக்காரருக்கு மாதம் என்ன வருகிறது என்று அது பார்ப்பதில்லை. கடனெல்லாம் அடைத்துச் சொந்தமாக்கிய வீடுதான். ஆனால் அக்கம்பக்கத்தில் விலை ஏறினால் வரியும் ஏறும், ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது. இதற்காகத்தான் பல நாடுகளில் மூத்தோருக்குச் சலுகை இருக்கிறது. எந்த வகைச் சலுகை என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது முக்கியம்.

எளிமையானது விலக்கு. வீட்டு மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி போடுவார்கள். வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கும் முறையும் உண்டு: வருமானத்தோடு ஒப்பிட்டால் வீட்டு வரி அதிகம் என்றால் ஒரு பகுதியை அரசே திருப்பித் தரும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1964-லேயே இதைத் தொடங்கியது. இரண்டிலும் கிடைப்பது கிடைத்ததுதான், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது உறையவைப்பு, அதாவது ஏறாமல் நிறுத்திவைப்பது. இங்கே எதை உறையவைக்கிறார்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவின் டெக்சஸில் 65 வயதானவர் குடியிருக்கும் வீட்டுக்கான பள்ளி வரியில் (வீட்டு வரியில் பள்ளிகளுக்காகப் போடும் பகுதி), கட்ட வேண்டிய தொகையே நின்றுவிடும். புதிதாக அறை கட்டினால்தான் ஏறும். அதே நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் குறைந்த வருமானமுள்ள மூத்தோருக்கு நிற்பது வீட்டின் மதிப்பீடு மட்டும். வரி விகிதம் கூடினால் பில்லும் கூடும். "வரி இனி ஏறாது என்றார்களே" என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மிகவும் கவனம் தேவைப்படுவது ஒத்திவைப்பு. இது தள்ளுபடி இல்லை, கடன். இப்போது வரி கட்ட வேண்டாம், ஆனால் அது வட்டியோடு வீட்டின் மேல் வில்லங்கமாக ஏறிக்கொண்டே போகும். வீட்டை விற்கும்போதோ, உரிமையாளர் காலமான பிறகோ வசூலிப்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதிலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். கையில் பணமில்லாமல் வீட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். வீட்டை விட்டுப் போகாமல் வாழ முடிகிறது, அது சின்ன விஷயமா? ஆனால் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். துக்க வீட்டில் திடீரென்று இந்தக் கணக்கு வந்து நிற்கக் கூடாது. வீடு மேல் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடமும் முதலில் கேட்க வேண்டும். ஒத்திவைப்பை எல்லா வங்கியும் ஏற்பதில்லை.

சரி, விண்ணப்பம். பெரும்பாலான இடங்களில் வயது ஆனதும் சலுகை தானாக வந்துவிடாது, கேட்டால்தான் கிடைக்கும். வயதுச் சான்று, அந்த வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள் என்பதற்கான சான்று, சில இடங்களில் வருமானக் கணக்கு ஆகியவை வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் பொதுவாகக் கிடையாது. கணவர் பெயரிலேயே பத்திரம் இருந்து அவர் காலமாகியிருந்தால், மனைவி முதலில் பெயர் மாற்றம் செய்ய வேண்டியிருக்கலாம். துணைவருக்குச் சலுகை தொடருமா என்பதையும் அப்போதே விசாரியுங்கள். டெக்சஸில் அவர் 55 வயதை எட்டியிருந்தால் அந்தப் பள்ளி வரி உறையவைப்பு தொடரும்.

அப்புறம், கடைசித் தேதி என்ன, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா, விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாமா என்று வரி அலுவலகத்தில் கேட்டு, விண்ணப்பம் பெற்றதற்கான ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.