முடிக்கு ஏது சிறப்பம்சம்?

கூந்தல் அழகு பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில், ஹேர் ஹைலைட்ஸ் என்பதற்கு ‘முடி சிறப்பம்சங்கள்’ என்ற தொடர் தாராளமாகப் புழங்குகிறது. ‘உங்கள் தலைமுடிக்குச் சிறப்பம்சங்கள் சேர்ப்பது எப்படி?’ என்று தலைப்பே வைக்கிறார்கள். தேர்தல் அறிக்கைக்குச் சிறப்பம்சம் உண்டு, புது செல்பேசிக்கு உண்டு. முடிக்கு எங்கிருந்து வரும்?

ஹைலைட் என்பது ஓவியர்கள் புழங்கும் சொல். படத்தில் ஒளிபட்டு மிகப் பளிச்சென்று தெரியும் இடம் அது. சலூன்காரர்கள் எடுத்துக்கொண்டதும் அந்தப் பொருளைத்தான்: சில கற்றைகளை மட்டும் பிரித்து, பிளீச் தடவி, அலுமினியத் தாளில் மடித்து நிறத்தை வெளிற வைப்பது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

சரி, ‘சாயக்கோடு’ என்று சொல்லலாமே என்றால், அதுவும் இடிக்கிறது. சாயம் என்பது ஏற்றுவது. இங்கே நடப்பதோ இறக்குவது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த பிளீச், முடிக்குள் இருக்கும் மெலனின் நிறமியைச் சிதைக்கிறது. கறுப்பு முடி செம்பழுப்பாகி, ஆரஞ்சாகி, அப்புறம்தான் மஞ்சளுக்கு வரும். அதன்மேல் டோனர் பூசி வேண்டிய சாயலுக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. வெளுத்தல் என்ற அருமையான வினைச்சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சாயம் என்பது சோம்பல்தான். கோடு என்பதும் சரியில்லை. கோடு கோடாகத் தெரிந்தால் அது மோசமான வேலை. ஒளிக்கீற்று என்கிறோமே, அதையே சொல்லலாம். மெல்லியது, நீண்டது, வெளிச்சமானது எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கற்றைகளை அடர்நிறமாக்கும் லோலைட்ஸ், நிழற்கீற்று.

பாலயாஜ் என்று இன்னொரு வெளுக்கும் முறை. துடைப்பத்தால் பெருக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த பேர் அது. ‘பெருக்கு முறை’ என்று எழுதினால், முடி பெருகும் என்று நம்பி நாலு பேர் வருவார்கள். தூரிகையை வீசிக் கையாலேயே பிளீச் பூசுவதுதான் இந்த முறை: வேர்ப்பக்கம் லேசாக, நுனிப்பக்கம் அழுத்தமாக. தமிழில் அதற்குத் தீற்றல் என்று பேர். முடி வளர்ந்தாலும் பளிச்சென்ற எல்லை தெரியாது என்பதால்தான் இதற்கு இத்தனை மவுசு.

வேர்ப்பக்கம் அடர்ந்து நுனிப்பக்கம் வெளிறும் தோற்றத்துக்கு ஓம்ப்ரே என்று பேர். அதுவும் பிரெஞ்சுதான், நிழலிட்டது என்று பொருள். அதற்காக ‘நிழல் சாயம்’ என்றால், வெளிறிய நுனியில் நிழலைத் தேட வேண்டியிருக்கும். ‘படிநிலை வண்ணம்’ அதைவிட மோசம். அடர்நிறம் வெளிர்நிறமாக மாறுவது எந்த இடத்தில் என்று தெரியக் கூடாது. படி தெரிந்தால் காசு வீண். நிறச்சரிவு என்பதே என் தேர்வு.

பாலயாஜா, ஓம்ப்ரேவா என்று இரண்டையும் போட்டிக்கு நிறுத்தும் பட்டியல்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒன்று பூசும் முறை, மற்றது கிடைக்கும் தோற்றம். தீற்றியே நிறச்சரிவைக் கொண்டுவரலாம். சரிவு இன்னும் மெல்லியதாக இருந்தால் சோம்ப்ரே என்கிறார்கள். அதற்கு மென்சரிவு போதும்.