உறுமும், ஆனால் சுற்றாது: பழைய வோஷிங் மெஷினுக்குள் நடப்பது என்ன?

பின் விறாந்தையில் வருடக்கணக்காகக் கிடந்த இரட்டைத் தொட்டி வோஷிங் மெஷின். பிளக்கைப் போட்டால் உறுமுகிறது, சுற்றுவதில்லை. அடியில் இருக்கும் தட்டைக் கையால் ஒருக்கால் சுழற்றிவிட்டால் ஓடத் தொடங்குகிறது. மோட்டர் எரிந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்கிறார்களே, உண்மையா? திருகோணமலை உப்புவெளியிலிருந்து வந்த கேள்வி இது.

உண்மையில்லை. தள்ளிவிட்டால் ஓடுகிற மோட்டர் எரிந்த மோட்டர் அல்ல. அனேகமாகக் கெட்டிருப்பது அதன் பக்கத்தில் பொருத்தியிருக்கும் கப்பாசிட்டர். பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று படித்தோமே, அதுதான். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, மலிவான பொருள். அது இல்லாமல் மோட்டருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது.

வீட்டுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம். அதை ஒரு சுருளுக்குக் கொடுத்தால் அங்கே உருவாகும் காந்தப்புலம் சுற்றாது. ஒரு திசையில் வளர்ந்து, தேய்ந்து, எதிர்த்திசையில் வளர்ந்து, மறுபடி தேயும். இப்படி ஒரே கோட்டில் ஏறி இறங்கும் புலத்தை, எதிரெதிர்த் திசைகளில் சுற்றும் இரண்டு அரைப்பங்குப் புலங்களின் கூட்டாகப் பார்க்கலாம். கணக்கும் அப்படியே வரும், மோட்டரும் அப்படியே நடந்துகொள்ளும். நின்றிருக்கும் ரோட்டரை (மோட்டருக்குள் சுற்றும் பாகம்) இரண்டு புலங்களும் சம வலுவோடு இழுக்கின்றன. வருடப்பிறப்பு விளையாட்டில் இரு அணியும் சமபலமாக இருக்கும் கயிறிழுத்தல் போலத்தான்: கயிறு அதிரும், நகராது. அந்த அதிர்வே நம் காதில் விழும் உறுமல். காந்த இழுவை ஒரு சுழற்சியில் இரண்டு தடவை உச்சத்துக்குப் போவதால் அது 100 ஹேர்ட்ஸில் ஒலிக்கும்.

கையால் ஒரு பக்கம் தள்ளிவிட்டால் சமநிலை குலைகிறது. ரோட்டர் எந்தப் புலத்தோடு சேர்ந்து ஓடுகிறதோ அந்தப் புலத்தின் பிடி கூடுகிறது, எதிர்ப்புலத்தின் பிடி குறைகிறது. பிறகு அது தானாகவே வேகமெடுக்கும். வலம் தள்ளினால் வலம், இடம் தள்ளினால் இடம்.

தள்ளுகிற கைக்குப் பதிலாகத்தான் இரண்டாவது சுருள் இருக்கிறது. முதற்சுருளுக்கு மின்னியல் கணக்கில் 90 பாகை விலக்கி அதைச் சுற்றியிருப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஓட்டம் போனால் பயனில்லை. ஒன்றின் ஓட்டம் மற்றதற்கு முந்த வேண்டும். அந்த முந்தலைக் கொடுப்பது கப்பாசிட்டர். அதன் வழியே போகும் ஓட்டம் முதலில் உச்சத்துக்கு வரும், அது தணியும்போது மற்றச் சுருளின் ஓட்டம் உச்சத்துக்கு வரும். பிறகு கப்பாசிட்டர் சுருளின் ஓட்டம் திசை மாறி மறுபடி உச்சத்துக்கு வரும். உச்சம் இப்படி இடம் மாறி மாறிப் போவதால் காந்தப்புலம் உண்மையாகவே சுற்றுகிறது. நான்கு காந்த முனை கொண்ட மோட்டரில் அது நிமிடத்துக்கு 1500 தடவை. ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டு ஏறத்தாழ 1400இல் ஓடும். காலம் தள்ளிய இரண்டு ஓட்டங்களால் சுற்றும் புலத்தை உண்டாக்கலாம் என்று 1885இல் இத்தாலியின் தூரின் நகரில் கலிலியோ பெராரிஸ் செய்து காட்டினார். டெஸ்லாவின் காப்புரிமைகள் 1888 மே மாதம் வெளிவந்தன. அந்தத் தத்துவம்தான் இன்றும் உங்கள் விறாந்தையில் கிடக்கிறது.

இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. உடுப்புத் துவைக்கும் மோட்டர் ஒரு பக்கம் சில விநாடி, மறுபக்கம் சில விநாடி சுற்ற வேண்டும். அதற்குத் தனிக் கியரோ இலத்திரனியல் பலகையோ இல்லை. இரண்டு சுருளும் ஒரே அளவு, ஒரே கம்பி. ஒவ்வொரு சுருளிலும் ஒரு முனை சேர்ந்து பொதுக் கம்பியாக வருகிறது; மற்ற இரு முனைகளுக்கும் நடுவே கப்பாசிட்டர். டைமர், மின் வரும் லைன் கம்பியை ஒரு முனைக்குக் கொடுத்தால் அடுத்த சுருள் கப்பாசிட்டர் வழியே ஓட்டம் பெற்று முந்துகிறது. லைனை மறு முனைக்கு மாற்றினால் முந்தியது பிந்தியதாகிறது, புலம் திரும்பிச் சுற்றுகிறது. ஸ்பிரிங்கில் ஓடும் டைமருக்குள் இருக்கும் சின்னச் செப்புத் தகடு ஒன்று இங்கிருந்து அங்கே சாய்கிறது, அவ்வளவுதான். நடுவில் ஓர் இடைவெளி விட்டுத்தான் அது சாயும். ரோட்டர் நிற்காமல் திசை மாற்றினால் ஓட்டம் தாறுமாறாக ஏறி, சுருளும் சூடாகும், டைமரின் முனைகளும் கருகும்.

பழுதைக் கண்டுபிடிப்பதும் இதனால் சுலபம். இரு திசையிலும் உறுமிக்கொண்டு நின்றால் கப்பாசிட்டரைப் பாருங்கள். ஒரு திசை ஓடி மறு திசையில் சத்தமே இல்லையென்றால் டைமர் முனையோ அதற்குப் போகும் கம்பியோ கெட்டிருக்கிறது. தொட்டி வெறுமையாக இருக்கையில் சுற்றி, தண்ணீரும் உடுப்பும் போட்டதும் உறுமினால் கப்பாசிட்டர் முழுதாகச் சாகவில்லை, மெலிந்திருக்கிறது.

மெலிவது எப்படி? அதற்குள் இருப்பது சில மைக்ரோன் தடிப்புள்ள, பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தாள். அதன்மேல் நாகம் (துத்தநாகம்) அல்லது அலுமினியம், நனோமீற்றர் கணக்கில் பூசியிருக்கும். தாளில் ஒரு பலவீனமான புள்ளி உடைந்தால் அங்கே சிறு பொறி பறக்கும். அந்தப் பொறியின் வெப்பம் சுற்றியுள்ள உலோகப் பூச்சை ஆவியாக்கிவிடும். ஓட்டையைச் சுற்றி உலோகம் இல்லாததால் குறுக்குச்சுற்று அத்தோடு நிற்கும். தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் பொருள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு போய்விடுகிறது. அதோடு ஈரப்பதன் உள்ளே கசிந்தால் நாகப்பூச்சு ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டு போகும். கடற்கரை வீடுகளில் இது விரைவாக நடப்பதில் வியப்பில்லை. 10 மைக்ரோ பரட் (கொள்ளளவத்தின் அலகு) என்று எழுதியது 6க்கு இறங்கினால், 50 ஹேர்ட்ஸில் அது ஓட்டத்தைத் தடுக்கும் அளவான மறிப்பு 318 ஓமிலிருந்து 530 ஓமுக்கு ஏறிவிடும். இரண்டாவது சுருளுக்கு ஓட்டம் குறையும், தொடக்க விசை விழும்.

இனி வேலைக்கு வருவோம். நெடுநாள் கிடந்த மெஷினுக்கு முதலில் மின்சாரம் கொடுக்கவே கூடாது. பின்பலகையைக் கழற்றுங்கள். ஸ்குரூக்கள் கறள் பிடித்து இறுகியிருக்கும். கறள் இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள், தலையை வழுக்க விடாதீர்கள். எலி கடித்த கம்பிகளை முழுநீளமாக மாற்றுங்கள். டேப் சுற்றி விடுவது தண்ணீர் புழங்கும் இடத்துக்குச் சரிவராது.

கப்பாசிட்டரைத் தொடுமுன் 10 கிலோ ஓம், 5 வோட் தடை ஒன்றை அதன் இரு முனைக்கும் சில விநாடி பிடியுங்கள். 230 வோல்றின் உச்சம் 325 வோல்ற், அந்த மின்னேற்றம் உள்ளேயே நிற்கலாம். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தட்டுவது முனைகளையும் தாளையும் கெடுக்கும். பிறகு கழற்றி, கொள்ளளவம் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். எழுதிய அளவிலிருந்து 10 வீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். புதியது அதே மைக்ரோ பரட், 400 அல்லது 450 வோல்ற், ஆடலோட்ட மோட்டருக்குரியது. சரியான அளவு கிடைக்காவிட்டால் இரண்டு 5 மைக்ரோ பரட்டைச் சமாந்தரமாக இணைத்தால் பத்து. ‘பெரிசாப் போட்டால் வேகமாச் சுத்தும்’ என்பது தவறு. வேகத்தைத் தீர்மானிப்பது 50 ஹேர்ட்ஸ். பெரிய கப்பாசிட்டர் சுருளைச் சூடாக்கும், அவ்வளவே. எண்ணெய் நிரப்பிய பழைய தகரக் கப்பாசிட்டர், 1980க்கு முந்தியது என்றால் வெட்டவோ எரிக்கவோ வேண்டாம். அந்த எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கலாம்.

மோட்டர் சுருளை ஓமில் அளவுங்கள். பொதுக் கம்பியிலிருந்து இரு முனைக்கும் வரும் அளவு சமமாகவும், முனைக்கு முனை அதன் இரட்டிப்பாகவும் இருந்தால் சுருள் நலம். அடுத்து, காப்புத்தடை அளக்கும் 500 வோல்ற் மெகரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஈரம் ஏறியிருக்கிறது. மோட்டரைக் கழற்றி, இழை எரியும் 60 வோட் குமிழோடு ஒரு பெட்டிக்குள் ஒரு நாள் வைத்து உலர்த்தி மறுபடி அளவுங்கள். பெரும்பாலும் அளவு ஏறிவிடும். ஏறாவிட்டால் சுருளை மறுபடி சுற்றிக் கொடுக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

பிழியும் தொட்டியின் மோட்டர் அதற்கு நேர் கீழே இருக்கிறது. நடுவே தண்ணீரைத் தடுப்பது ஒரு ரப்பர் சீல் மட்டுமே. மோட்டரின் தலையில் வெள்ளைக் கோடாகச் சவர்க்காரம் காய்ந்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். தண்டின் விட்டத்தையும் வெளி விட்டத்தையும் கலிப்பரால் அளந்து அதே அளவில் வாங்கி, உதட்டில் சிலிக்கன் கிரீஸ் பூசிப் போடுங்கள். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். இந்தத் தொட்டி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1300 தடவை சுற்றும்போது விளிம்பிலுள்ள உடுப்பு புவியீர்ப்பின் 200 மடங்கை உணர்கிறது. ஆகவே மூடியைத் திறந்தால் பிரேக் சில விநாடிக்குள் தொட்டியை நிறுத்த வேண்டும். மூடிச் சுவிட்சைக் கம்பி போட்டு நேராக இணைத்துக் கொடுக்கும் திருத்துநரிடம் மெஷினை விடாதீர்கள். கை முறிந்துவிடும்.

பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கட்டும். அலுமினியக் கப்பி உருக்குத் தண்டில் இருந்தால் இரண்டும் ஒட்டிப் போயிருக்கும். உப்பு ஈரத்தில் இந்த இரு உலோகமும் ஒரு மின்கலம் ஆகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகப் பருத்து இறுக்கிவிடுகிறது. சுத்தியலால் அடித்தால் கப்பி உடையும். கப்பி இழுப்பானைப் பூட்டி, எண்ணெய் விட்டுப் பொறுமையாகக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது இடையில் கிரீஸ் கட்டாயம்.

திருகோணமலையில் வாடைக்காற்று கடலிலிருந்து வரும் மாதங்களில் உப்பு வீட்டுக்குள்ளேயே படிகிறது. நகரிலும் உப்புவெளி, நிலாவெளியிலும் கடல் பார்த்த பக்கத்துத் தகடுதான் முதலில் போகும். இந்த உப்பை அளக்கப் பெரிய செலவில்லை. ஈரத் துணி சுற்றிய குழாயில் படியும் குளோரைட்டை மாதாமாதம் அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 9225 தரம் விளக்குகிறது. இரும்புத் தகடுகளை ஒரு வருடம் வெளியில் தொங்கவிட்டு எடை இழப்பைப் பார்க்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகக் கோணேசபுரி வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீட மாணவர்களுக்கு இதற்கென்று சிறு தொகை ஒதுக்கினால், கடலிலிருந்து எத்தனை மீற்றருக்குள் எந்தப் பூச்சு தாங்கும் என்று ஊருக்கே பயன்படும் அட்டவணை கிடைக்கும். நம் ஊர்த் தேவைக்கு ஆராய்ச்சிப் பணம் இப்படிப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெஷின் நின்றதும் கண்ணூறு என்று தேசிக்காய் கட்டும் வீடுகள் இன்னும் உண்டு. காரணம் மீட்டரில் எண்ணாகத் தெரியும்போது அந்தப் பயம் தேவையே இல்லை.

ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின் என்றால் தகட்டைப் படித்துப் பாருங்கள். 100 வோல்ற் என்றிருந்தால் நேராகப் பிளக்கில் போட்டவுடன் எரியும். 1000 வோல்ற் அம்பியர் அளவில் இறக்கு மின்மாற்றி வேண்டும். 60 ஹேர்ட்ஸ் மட்டும் என்றிருந்தால் மின்மாற்றி போட்டாலும் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக, கூடுதல் சூட்டோடுதான் ஓடும். அதை வாங்காமல் விடுவது நல்லது.

எல்லாம் பூட்டியபின், எர்த் கம்பி உடலில் கறள் சுரண்டிய இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் பிளக்கைப் போடுங்கள். முதல் ஓட்டம் உடுப்பில்லாமல், தண்ணீரோடு, 15 நிமிடம். பிளக்கைக் கழற்றிவிட்டு மோட்டர் உடலைத் தொடுங்கள். சூடு இருக்கும், கையை வைத்திருக்க முடியாத அளவு என்றால் கப்பாசிட்டர் அளவையும் பெல்ட் இறுக்கத்தையும் மறுபடி பாருங்கள். அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது ஈரப் புள்ளியில் தெரிந்துவிடும். இரண்டாம் ஓட்டத்துக்கு அரைச் சுமை உடுப்பு போடலாம்.