கஸ்டம் இம்பிளான்ட்: அளவெடுத்த உள்வைப்பு

கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்தவரின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "கஸ்டம் இம்பிளான்ட் வைக்கணும்" என்கிறார். வீட்டார் தலையாட்டுகிறார்கள். பயத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் தமிழில் புரிய வேண்டும்.

'இம்பிளான்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'பிளான்டாரே' என்றால் நடுதல். 'இன்' சேர்ந்தால் உள்ளே நடுதல். அப்படியானால் 'பதியம்' என்று சொல்லலாமே? எனக்கு அது சரிப்படவில்லை. பதியம் வேர்விடும், துளிர்க்கும். டைட்டானியத் தகடு துளிர்க்காது. உடம்பின் வேறு இடத்திலிருந்து எலும்பை எடுத்து வைத்தால் அது 'ஒட்டு', மாங்கன்றுக்குச் சொல்வது போலவே. உலோகமோ பிளாஸ்டிக்கோ வைத்தால் 'உள்வைப்பு'. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது.

'கஸ்டம்' என்றால் முதலில் வழக்கம். வழக்கமாகக் கடைக்கு வருபவர் 'கஸ்டமர்'. அவர் கேட்டபடி செய்து தருவது 'கஸ்டம்'. கணினித் தமிழில் 'தனிப்பயன்' என்கிறார்கள். மென்பொருளுக்குச் சரி, நோயாளிக்கு அது ஒன்றும் சொல்லாது. தையல்கடைச் சொல்லே இங்கே பொருந்தும்: ரெடிமேட் அல்ல, அளவெடுத்தது.

உண்மையிலேயே அளவெடுக்கிறார்கள். கண்குழி 7 எலும்புகள் சேர்ந்த கூடு; கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான். உள்பக்கச் சுவரின் ஒரு பகுதிக்கு லத்தீனில் 'காகித ஏடு' என்றே பெயர், அவ்வளவு மெல்லியது. பந்தோ முஷ்டியோ பட்டு, கண்குழியின் அடித்தரை உடைந்தால் கண்ணைத் தாங்கும் கொழுப்பு கீழே சரியும். கண் உள்வாங்கும், பார்ப்பது இரண்டாகத் தெரியலாம். சி.டி. ஸ்கேனை வைத்து, நல்ல பக்கத்தின் வடிவத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பி உடைந்த பக்கத்தின் மேல் பொருத்துகிறார்கள். எங்கே எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். அந்த வடிவத்திலேயே தகட்டை முப்பரிமாணத்தில் அச்சிட்டு எடுக்கலாம். ஆபரேஷன் மேசையருகே கையால் வளைத்து வளைத்துப் பார்க்கும் தகட்டில், கண்ணுக்குப் பின்னால் தரை மேடேறும் இடம்தான் எளிதில் தப்பிப்போகும். அங்கே தவறினால் கண் உள்வாங்கியபடியே நின்றுவிடும். சிறிய முறிவுக்கு இவ்வளவும் தேவைப்படாது. இரண்டு பக்கமும் உடைந்திருந்தால் திருப்பிப் பார்க்க நல்ல பக்கமே இருக்காது.

அப்புறம் 'ஆர்பிட்'. லத்தீனில் 'ஆர்பிடா' என்றால் வண்டிச் சக்கரத் தடம். கோளின் பாதைக்கும் கண்ணின் குழிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், பார்க்காமல் பெயர்த்தால் 'சுற்றுப்பாதை முறிவு' என்று வந்து நிற்கும். எழுத வேண்டியது 'கண்குழி முறிவு'.