மேய்ச்சல் கறி என்றே சொல்லலாமே

'புல் ஊட்டப்பட்ட கோழி இறைச்சி, பண்ணையிலிருந்து நேரடியாக' என்று ஒரு விளம்பரம். இந்தத் தொடரை எத்தனை தடவை பார்த்துவிட்டேன்! கோழிக்கு யார் புல் ஊட்டினார்கள்? புழு, கறையான், சிந்திய தானியம், கொஞ்சம் பச்சை என்று கிளறித் தின்கிற பறவை அது, புல்லை மட்டும் போட்டு அதை வளர்க்கவே முடியாது.

ஆங்கில மூலச்சொல் 'பாஸ்ச்சர் ரெய்ஸ்டு', அதாவது மேயவிட்டு வளர்த்தது. பாஸ்ச்சர், மேய்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, பாஸ்டருக்கும் அதே வேர்தான். தமிழ் பைபிளில் அதை மேய்ப்பர் என்று சரியாகவே போட்டார்கள். மேய், மேய்ச்சல், மேய்ப்பர். சரி, வேர் அவ்வளவுதான்.

'புல் ஊட்டிய' என்பது 'கிராஸ் ஃபெட்' என்ற வேறொரு சொல்லுக்கான மொழிபெயர்ப்பு. பரண் மேல் கொட்டிலில் அடைத்து, கோ-4 தீவனப்புல்லை நறுக்கிப் போட்டு வளர்த்த ஆடும் புல் தின்ற ஆடுதான், ஆனால் அது ஒருநாள்கூட மேய்ந்திருக்காது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய வித்தியாசமே இதுதான், மொழிபெயர்ப்பு அதை அழித்துவிடுகிறது. சிலர் 'புல்வெளி வளர்ப்பு' என்கிறார்கள். அதுவும் பொருந்தாது. செம்மறி குனிந்து புல் மேயும், வெள்ளாடோ எட்டித் தழை கடிக்கும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், உதிர்ந்த வேலங்காயையும் ஆடு விடாது. அதை வெறும் புல்வெளி என்று யார் சொல்வார்கள்? மேய்ச்சல் என்றால் புல், தழை, காய் எல்லாம் அடங்கிவிடும், கோழியும் மேயும் என்றுதானே வீட்டில் சொல்கிறோம்.

ஒரு முழு ஆட்டைப் பலர் சேர்ந்து நேரடியாக வாங்கிப் பிரித்துக்கொள்வதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது, கூறு. 'முழு விலங்குப் பங்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார், படிக்கவே சங்கடமாக இருந்தது. தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஓர் ஆட்டைப் பிடித்துக் கூறு போடுவதைப் பார்க்காதவரா அவர்? அகராதியை மட்டும் புரட்டி எழுதுகிறவர்கள் ஒருமுறை பட்டிக்குப் போய் ஆடு வளர்ப்பவரிடம் பேசிப் பார்க்கட்டும். மேய்ச்சல் ஆடா, கொட்டில் ஆடா, உயிர் எடையா, கறி எடையா, எத்தனை கூறு என்று அவரே கேட்டுவிடுவார்.