எந்தப் பெட்டியை முதலில் திறப்பது?

நோட்டுப் புத்தகத்தில் இருபது கண்டுபிடிப்பு யோசனைகள் இருக்கின்றன. நேரமோ ஒரே ஆளின் நேரம். வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதைக் கையில் எடுப்போம். நியாயமாகத்தான் படுகிறது. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

1979-இல் பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் இதை மூடிய பெட்டிகளாக வைத்து யோசித்தார். உள்ளே என்ன இருக்கும் என்பது குத்துமதிப்பாகத்தான் தெரியும். ஒவ்வொன்றையும் திறக்க ஒரு செலவு உண்டு. கடைசியில் ஒன்றில் இருப்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பெட்டிகளைப் பார்ப்போம். முதல் பெட்டியைத் திறக்க 5 செலவு. ஐந்தில் ஒரு வாய்ப்பில் 100 கிடைக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு 20 செலவு. நிச்சயமாக 60 உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் முதலாவதன் சராசரி லாபம் 15, இரண்டாவதன் லாபம் 40. அப்படியானால் இரண்டாவதைத்தானே முதலில் திறக்க வேண்டும்?

இல்லை. முதலாவதில் தொடங்கி, அது ஏமாற்றினால் இரண்டாவதுக்குப் போனால் சராசரியாக 47 கிடைக்கும். வரிசையை மாற்றினால் 43தான். முதல் பெட்டியில் 100 இருந்துவிட்டால் அந்த 20 செலவே மிச்சம், அதனால்தான்.

வைட்ஸ்மன் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னார்: கையில் ஏற்கெனவே எவ்வளவு இருந்தால், இதைத் திறப்பதும் திறக்காததும் ஒன்றாகிவிடும்? முதல் பெட்டிக்கு விடை 75. கையில் 75 இருந்தால் கூடுதலாக வரக்கூடியது 25, அதில் ஐந்தில் ஒரு பங்கு 5, செலவும் 5. இரண்டாவதுக்கு 40. பெரிய எண் முதலில். கையில் இருப்பது மீதிப் பெட்டிகளின் எண்களைத் தாண்டியதும் நிறுத்திவிடலாம். தோற்றது எவ்வளவு மோசமாகத் தோற்றது என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா? அதனால் சப்பென்ற நல்ல யோசனையைவிட, மலிவாகச் சோதிக்கக்கூடிய கிறுக்கு யோசனை முந்திக்கொள்கிறது.

சரி, ஐந்தில் ஒன்று என்று யார் சொல்வது? நிஜத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் திறக்கும் செலவைக் குறைப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

ரைட் சகோதரர்கள் இன்ஜினில் தொடங்கவில்லை. விமானத்தில் யாரும் தீர்க்காத சிக்கல் அதைக் கட்டுப்படுத்துவதுதான் என்று பிடித்துக்கொண்டார்கள். 1899-இல் அவர்கள் செய்தது ஐந்தடி அகலப் பட்டம் ஒன்று. கையில் இரண்டு குச்சிகள், நான்கு கயிறுகள். குச்சியைச் சாய்த்தால் இறக்கை முறுக்கிக்கொண்டது, பட்டம் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்புறம் இன்ஜின் இல்லாத கிளைடர்களில் நூற்றுக்கணக்கான தடவை சறுக்கிப் பார்த்தார்கள். அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் இன்ஜினைச் செய்ததெல்லாம் கடைசியில், சுமார் ஆறே வாரத்தில்.

அதே காலத்தில் விமானம் செய்ய முயன்ற விஞ்ஞானி சாமுவேல் லாங்லியிடம் 50 குதிரைத்திறன் இன்ஜின் இருந்தது, அமெரிக்க ராணுவம் தந்த 50,000 டாலரும் இருந்தது. ஆளை ஏற்றிச் சறுக்கிப் பார்க்காமலே நேரே பெரிய விமானத்தை ஏவினார். 1903 அக்டோபரில் ஒரு முறை, டிசம்பர் 8-இல் மறுபடி, இரண்டு தடவையும் அது போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, 12 குதிரைத்திறன் இன்ஜினோடு ரைட் சகோதரர்கள் பறந்தார்கள்.