ஸ்லோ குக்கருக்குள் இரண்டு சமையல்: உள் டப்பாவைக் கவனியுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஸ்லோ குக்கரை (மெதுவான சூட்டில் மணிக்கணக்காகச் சமைக்கும் மின்சாரப் பானையை)த் தாங்களாகக் கடையில் போய் வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். "அம்மா, காலையில போட்டு சுவிட்சைத் தட்டிட்டா மத்தியானம் சாப்பாடு ரெடி" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். கொஞ்ச நாள் கஞ்சி, சூப் என்று ஒழுங்காகத்தான் போகும். அப்புறம்தான் அந்த யோசனை வரும்: இவ்வளவு நேரம் ஓடுகிறதே, உள்ளே ஒரு டப்பாவில் இன்னொரு பண்டத்தையும் வைத்தால் என்ன?

யோசனையில் தப்பே இல்லை. மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் வருகிறவர்கள் வீட்டில் நோயாளிக்கு உப்பு குறைத்த பருப்பு, மற்றவர்களுக்குக் காரக்குழம்பு என்று எப்படியும் இரண்டு சமையல் நடந்தாக வேண்டும். வயதான காலத்தில் இரண்டு முறை அடுப்படியில் நிற்பதற்கு ஒரே பானையில் இரண்டையும் வைத்துவிடலாம் என்று நினைப்பது நியாயம்தான். வைக்கிற விதத்தில்தான் கோளாறு.

அந்தக் கோளாறு பிரஷர் குக்கர் பழக்கத்திலிருந்து வருகிறது. அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேல் தட்டில் காய் என்று அடுக்கியே நம் கை பழகிவிட்டது. பிரஷர் குக்கருக்குள் ஆவி அழுத்தத்தோடு கிட்டத்தட்ட 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். எந்த மூலையில் டப்பா இருந்தாலும் ஆவி அதை விடாது. ஸ்லோ குக்கரில் அழுத்தமே கிடையாது. 'லோ'வில், அதாவது குறைந்த சூட்டில் வைத்தால் பண்டம் 80, 90 டிகிரிக்கு வருவதற்கே பல மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலான குக்கர்களில் சூட்டுக் கம்பி சட்டியின் சுவரைச் சுற்றி ஓடுகிறது. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் குழம்புக்குச் சூடு நேராகப் போய்ச் சேரும். நடுவில் நிற்கும் டப்பாவுக்கு அந்தக் குழம்பு சூடாகி, அதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

இந்த இயந்திரம் ஒரே ஒரு பண்டத்துக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முன் அவரைக்கொட்டையும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க விட்டுவைப்பார்கள் என்று அவருடைய அம்மா சொன்ன கதைதான் தூண்டுதல். 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அதை வாங்கி, மறு வருடம் 'க்ராக்-பாட்' என்று விற்க ஆரம்பித்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

பழைய வீடுகளில் கொடியடுப்பு பார்த்திருப்பீர்கள். பெரிய வாயில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கொடியில் பாலோ ரசமோ சூடு ஆறாமல் இருக்கும். கொடியில் கறியைப் பச்சையாக வைத்து வேகவிட்டவர் யாரும் இல்லை. ஸ்லோ குக்கருக்குள் வைக்கும் டப்பாவையும் அந்தக் கொடியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அது ஏன் ஆபத்து என்றால், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கறிக்குழம்பு, கோழி போன்றவற்றில் வரும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி 43 முதல் 47 டிகிரியில்தான் மிக வேகமாகப் பெருகும். அதாவது, வெளியே குழம்பு மணக்க மணக்கச் சூடேறும் நேரத்தில் உள் டப்பாவில் இருக்கக்கூடிய அதே வெதுவெதுப்பு. சாதத்தில் வரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னொரு ரகம். வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு உருவாகிவிட்டால், திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. அதனால் வெந்த சாதத்தை உள் டப்பாவில் போட்டு, ராத்திரி வரைக்கும் 'வார்ம்'இல் (சூடு ஆறாமல் மட்டும் வைக்கும் நிலையில்) கிடக்கட்டும் என்று விட வேண்டாம். 'வார்ம்' கணக்கு வெளிச்சட்டிக்கு. டப்பாவுக்குள் அந்தச் சூடு இருக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, எப்படித்தான் வைப்பது? உள்ளே வைக்கும் பாத்திரம் எவர்சில்வராக, அகலமாக, உயரம் குறைவாக இருக்கட்டும். தூக்குச்சட்டி மாதிரி நெட்டையான பாத்திரத்தில் நடுப்பகுதி சூடேற நேரமாகும். காற்றுப் புகாத டிபன் பாக்ஸ் மூடி வேண்டாம். மேலே ஒரு தட்டு போதும். பாத்திரத்தின் முக்கால் உயரம் வரை வெளியே குழம்போ தண்ணீரோ நிற்க வேண்டும். சுற்றிக் காற்று மட்டும் இருந்தால் சூடு ஏறவே ஏறாது. ஆரம்பிக்கும்போதே வெந்நீர் ஊற்றி, முதல் ஒரு மணி நேரம் 'ஹை'யில் ஓடவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் குளிர்ந்த பீங்கான் சட்டியில் ஊற்றினால் விரிசல் விடும், அதனால் நல்ல சூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள் டப்பாவில் போகும் பண்டம் அடுப்பில் ஒரு கொதி வந்ததாக இருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. ஒரு தடவை மூடியைத் தூக்கினால் போன சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

கோழி, ஆட்டுக்கறி எப்போதும் வெளிச்சட்டியில்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கல் மாதிரியான கறியை அப்படியே போடக் கூடாது. கவிச்சியை மேலேயும் காயைக் கீழேயும் வைத்தால் பச்சைக் கறியின் நீர் காயில் இறங்கும். காய் முதலில் வெந்துவிட்டது என்று பாதியில் எடுத்துச் சாப்பிட்டால் வம்பு. கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோழியின் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

இப்போது ராஜ்மா. நம் பக்கம் இது சப்பாத்தியோடு சேர்ந்து வந்த பண்டம். மொச்சை, தட்டைப்பயறு மாதிரி பாட்டி காலத்துக் கைப்பக்குவம் இதற்குக் கிடையாது. கொள்ளிடக் கரைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மாவும் அவர் கணவரும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்து சேர்ந்தார்கள். வெளிச்சட்டியில் கஞ்சி, உள் டப்பாவில் ஊறவைத்த ராஜ்மா, மொத்தமும் 'லோ'வில். "நல்லாத்தான் மேடம் இருந்துச்சு. கொஞ்சம் நறுக்குனு இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். அந்த நறுக்கில்தான் விஷயம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சு உண்டு. நாலைந்து பச்சைக் கொட்டையே ஆளைப் படுக்கவைக்கப் போதும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்துவிடும். அரைகுறைச் சூடு இன்னும் மோசம். 80 டிகிரியில் வைத்தால் நச்சின் வீரியம் ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேடு சொல்கிறது. 80 டிகிரி என்பது ஸ்லோ குக்கர் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் இடம். ஆகவே ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்தாலும் சரி. அப்புறம் ஸ்லோ குக்கரில் மசாலாவோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஊறட்டும். மற்ற பயறுகளையும் இப்படி ஒரு கொதி விட்டுப் போட்டால் நஷ்டமில்லை. புளி, தக்காளியைக் கடைசியில் சேருங்கள். முன்னாலேயே போட்டால் பயறு வேகாது என்பது உங்களுக்கே தெரியும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்காகத் தனி டப்பா வைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால், காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டச் சொல்வோம். ஸ்லோ குக்கரில் எதுவும் வெளியே போகாது. காயிலிருந்து இறங்கியதெல்லாம் அந்தச் சாற்றிலேயே கிடக்கும், அதைத்தான் ருசி என்று குடிக்கிறோம். உருளைக்கிழங்கோ கீரையோ, முதலில் அடுப்பில் வேகவைத்து வடித்துவிட்டு அப்புறம் டப்பாவில் போடுங்கள். உப்பு விஷயத்தில் மூடியிலிருந்து சொட்டும் நீரால் ஆபத்தில்லை, அது வெறும் ஆவி நீர். வெளிக்குழம்பு தளும்பி உள்ளே வழிவதுதான் பிரச்சினை. டப்பாவை வைத்த பிறகும் சட்டி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது.

பாத்திரம் பற்றியும் கொஞ்சம். அலுமினியத் தாளை மடித்துத் தடுப்பு கட்டி, ஒரு பக்கம் வற்றல்குழம்பு, மறு பக்கம் கூட்டு என்று வைக்கிறார்கள். புளியும் உப்பும் சேர்ந்து மணிக்கணக்கில் நின்றால் தாளை அரிக்கும். அலுமினியம் குழம்பில் இறங்கும், ஓட்டையும் விழும். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளிப்புப் பண்டத்தோடு அதைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம். ரசத்துக்கு ஈயச்சொம்பை உள்ளே இறக்குகிறவர்களும் உண்டு. காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம் கலக்காத நல்ல வெள்ளீயமா என்று தெரியாத சொம்பில் புளித்தண்ணீரை அரை நாள் ஊறவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ரசம் பத்து நிமிட வேலை, அதற்கு எதற்கு ஸ்லோ குக்கர்?

அமெரிக்காவிலிருந்து வந்த குக்கர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 120 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் அப்படியே சொருகக் கூடாது. கிட்டத்தட்ட மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தியை இழுத்துக் கருகிவிடும். வாட் கணக்குக்குத் தோதான டிரான்ஸ்பார்மர் வேண்டும். சிங்கப்பூர், துபாயிலிருந்து வந்ததற்கு இந்தத் தொல்லை இல்லை, பின் மட்டும் மாறும்.

கடைசியாகக் கரண்ட். போட்டுவிட்டு வயலுக்கோ கோயிலுக்கோ போய்விடுகிறோம். திருகு வைத்த மாடல் கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஓட ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்து தொட்டால் சூடாக இருக்கும், நடுவில் எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்று தெரியாது. பட்டன் மாடல் பல நேரம் அணைந்தே கிடக்கும். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் எந்த ஊருக்கு என்று பத்திரிகையில் முன்கூட்டியே வரும், அன்றைக்கு இந்தப் பானையை எடுக்காதீர்கள். நீங்கள் வீட்டிலேயே இருந்து கரண்ட் போனால், உடனே இரண்டையும் கேஸ் அடுப்புக்கு மாற்றி வேகவைத்துவிடுங்கள். வெளியே போயிருந்தபோது போனது என்று பக்கத்து வீட்டில் சொன்னால், வெந்த மாதிரி தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள், கறிக்குழம்பாக இருந்தாலும்.